வக்கீல் கட்டிய சர்க்கார் வேஷம்

நாடகத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்களே, குரல் கட்டினால் என்ன செய்வது, அரிதாரம் எதில் குழைப்பது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு வாத்தியார்கள் இருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் பார்த்தவள் இல்லை. பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், என் பெயரைப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் என் பெயர் போட்ட நோட்டீஸை வண்டியில் வைத்துத் தமுக்கு அடித்துக்கொண்டு போனால், ஆற்காட்டிலிருந்து ஆம்பூர் வரைக்கும் கடைக்காரன் தராசைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். இருக்கிற பெருமையை ஏன் மறைக்க வேண்டும்?

உங்களுக்கு நான் சொல்ல வந்தது தர்க்கத்தைப் பற்றி. எதிரில் நிற்கிறவனோடு சண்டை போடுவதைப் பற்றி.

நம்முடைய நாடகத்தில் ஒத்திகை கிடையாது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து ரயிலில் வருவார், ஸ்திரீபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவாள். முகத்தில் சாயம் பூசிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். மேடை ஏறினால் பொழுது விடிகிற வரைக்கும் வாய்ச்சண்டை. எழுதி வைத்த வசனம் பாதி, அந்த நேரத்தில் வாயில் வந்தது பாதி. அதனால் எங்கள் காலத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மேடைக்குப் போகும் முன்னால் இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் நின்று, எதைத் தொடக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். இதற்கு விலக்கு என்று பெயர். என் அம்மாவைப் பற்றிப் பேசாதே என்பார் ஒருவர். என் நிறத்தைப் பற்றிப் பேசாதே என்பாள் ஒருத்தி. ஏன் என்று கேட்கக் கூடாது. விலக்குச் சொல்லி முடித்துவிட்டால் மிச்சம் எல்லாம் திறந்த மைதானம். எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

வாலாஜாபேட்டையில் ஒரு தடவை, வெளியூரிலிருந்து வந்த கெட்டிக்காரி ஒருத்தி, ராஜபார்ட்டை வாயே திறக்க முடியாதபடி மடக்கிவிட்டாள். விலக்கு எதையும் அவள் தொடவில்லை. ஆனால் அவர் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கூட விடவில்லை. ஜனம் விசில் அடித்தது. அவர் கிரீடத்தைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டுக் கொட்டகையின் பின்வழியாகப் போயேவிட்டார். கதையில் இன்னும் கல்யாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை இல்லாமல் அவள் எத்தனை பாட்டுத்தான் பாடுவாள்? விசில் அடித்த அதே ஜனம் மூங்கிலைப் பிடுங்கியது. அடுத்த நாள் முறை என்னுடையது என்பதால் நான் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் நிற்கிறவர் இறங்கிப் போய்விட்டால் நமக்கு நாடகம் இல்லை. இது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. அது மேடைக்கு வெளியே எவ்வளவு பெரிய சமாசாரம் என்பது மட்டும் அஞ்சலை என்ற ஒருத்தி ஜெயிலுக்குள் போனபோதுதான் புரிந்தது.

ஆம்பூரில் தோல் கிடங்குகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அதனால் அங்கே வியாழக்கிழமைதான் நாடகம். அந்த வியாழக்கிழமைகளில் எனக்குத் தலை பின்னுகிறவள் அஞ்சலை. பாலாற்றங்கரைக் குடிசைகளில் இருந்தாள். என் தலையை அவள் தொட்டால்தான் நான் மேடை ஏறுவேன். அவளுடைய ஜனம் ரேகைச் சட்டத்தில் மாட்டிய ஜனம். அதாவது அந்த ஜாதியில் பிறந்தாலே திருடன் என்று சர்க்கார் எழுதிக்கொண்டு, பத்து விரலையும் மையில் தொட்டு வாங்கிக்கொள்ளும். ஆணோ பெண்ணோ, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனில் போய்த் தலையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குற்றம். என் பின்னலைப் பாதியில் நாடகக் கான்ட்ராக்டர் பெண்சாதி கையில் கொடுத்துவிட்டு அஞ்சலை ஓடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுடைய கைக்குழந்தைக்கு ஜுரம் வந்து கண் செருகிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். குழந்தை பிழைத்தது. அவள் இரண்டு நாள் தலையைக் காட்டவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்து வேலூர் சப்ஜெயிலில் போட்டுவிட்டார்கள். குழந்தையை அவள் அம்மா வாங்கிக்கொண்டு வந்தாள். நான் போய்ப் பார்த்தபோது அஞ்சலை கம்பிக்குப் பின்னால் நின்று, பால் கட்டிப்போன மார்பைப் புடவையால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஜெயிலுக்கு அப்பால வேற ஜில்லாவுக்கு அனுப்பப் போறாங்களாம். அங்க வேலி போட்டு வச்சிருப்பாங்களாம். புள்ளய உடமாட்டாங்களாம்" என்றாள். அவள் அழவில்லை.

இப்போது கட்சிக்காரர்கள் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆம்பூரில் பெரிய தோல் வியாபாரியான சாயபு. சர்க்கார் பட்டம் கொடுத்திருந்தது, சட்டசபையில் நாற்காலி இருந்தது. இன்னொருவர் வேலூர் வக்கீல். கதர் கட்டி, வெள்ளைக்காரன் கோர்ட்டில் இனிமேல் கால் வைக்கமாட்டேன் என்று வெளியே வந்தவர். சட்டசபைக்கும் யாரும் போகக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசுகிறவர். சாயபுவுக்கு நாற்காலி உண்டு, ரேகைச் சட்டம் தெரியாது. வக்கீலுக்குச் சட்டம் அத்துப்படி, நாற்காலி கிடையாது. இரண்டையும் ஒட்டினால்தான் ஆள் ஆகும்.

ஆனால் இருவரும் முகம் பார்த்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாயபு கிடங்கின் கேட் முன்னால் நின்று வக்கீல், "உங்கள் முதலாளி கழுத்தில் கிடப்பது பட்டம் இல்லை, வெள்ளைக்காரன் போட்ட சங்கிலி" என்று பேசிவிட்டார். கேஸ் கிடைக்காதவன் கோர்ட்டை விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன என்று சாயபு கடைத்தெருவில் சொல்லிவிட்டார். இரண்டும் ஊர் முழுக்கச் சிரித்த பேச்சு.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒன்று. என் நாடகம். சாயபு முதல் வரிசை சோபாவில் அத்தர் வாசனையோடு உட்காருவார். வக்கீல் நாடகமே பார்க்காதவர் மாதிரி சோடாக் கடை மறைவில் நின்று பார்ப்பார். கண்ணாடி மட்டும் அங்கிருந்து பளபளக்கும். எனக்குத் தெரியாதா?

அடுத்த வியாழக்கிழமை கொட்டகை நிறைந்தபோது நான் சாயம் பூசாமல், சாதாரணப் புடவையோடு மேடைக்கு வந்தேன். எனக்குத் தலை பின்னுகிறவள் ஜெயிலில் இருக்கிறாள், அவள் வருகிற வரைக்கும் ஆம்பூரில் நான் சலங்கை கட்டமாட்டேன் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன். கான்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "தல பின்ற பொம்பளைக்காகவா? நான் வேற ஆள வச்சித் தர்றேம்மா. பத்து பேர நிக்க வைக்கறேன்."

"பத்து பேரும் வேஷம் கட்டி ஆடட்டும். நான் கீழ உக்காந்து பாக்கறேன்" என்றேன்.

தோல் கிடங்கு ஜனம் சும்மா இருக்குமா? ஆறு நாள் சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம் பட்டைத் தண்ணீரிலும் நின்றுவிட்டு ஒருநாள் நாடகம் பார்க்கிற ஜனம். மறுவாரமும் கொட்டகை இருட்டாகக் கிடந்ததும் பேச்சு கிளம்பியது. சாயபு வண்டி போனால், "இன்னா சாயபு, சட்டசபையில தூக்கமா?" என்று கூட்டத்துக்குள் இருந்து குரல் வரும். வக்கீல் பேச எழுந்தால், "வக்கீலு, சுயராச்சியம் அப்பால வாங்கு, மொதல்ல அஞ்சலைய வாங்கு" என்பார்கள். பிரபலம் என்று சொல்கிறார்களே, அது நோட்டீஸில் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ள மட்டும் இல்லை, பெண்களே. நாம் பேசாமல் இருந்தாலும் நமக்காக ஊர் பேசும். அதை எப்போது செலவழிப்பது என்பதுதான் கணக்கு.

சாயபு ஆள் அனுப்பினார். வக்கீலும் ஆள் அனுப்பினார். இருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் கொட்டகைக்கு வாருங்கள், அவரும் வருவார். மறைக்கவில்லை. எதிராளி யார் என்று சொல்லாமல் மேடை ஏற்றினால் அது நாடகம் இல்லை, ஏமாற்று. சாயபுவுக்கு அன்று சாயங்காலமே மெட்ராஸ் ரயில். திங்கட்கிழமை சட்டசபை. அந்த மத்தியானத்தை விட்டால் அஞ்சலையை வேலிக்குள் அனுப்பிவிடுவார்கள்.

இருவரும் வந்தார்கள். வந்ததும் முதல் தகராறு நாற்காலி. கொட்டகையில் இருந்தது ஒரு சிம்மாசனம், ஒரு முக்காலி. ஜிகினா ஒட்டிய சிம்மாசனத்தைச் சாயபு பார்த்தார், சாயபுவை வக்கீல் பார்த்தார். முக்காலியை இருவருமே பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நின்றபடியே திரும்பிப் போயிருப்பார்கள். நான் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க ராணி நான்தான். நீங்க ரெண்டு பேரும் பாயில உக்காருங்க."

சாயபு முதலில் சிரித்தார். "அரே, டிக்கெட் வாங்கினாக்கூட எனக்கு சோபா குடுப்பியே அம்மா" என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்தார். வக்கீல் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"இது நாடகக் கொட்டகை, இங்க எங்க வழக்கம்தான். மொதல்ல விலக்கு சொல்லுங்க. எதத் தொடக் கூடாது?"

சாயபுதான் முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தச் சங்கிலிப் பேச்சு. என் மருமவப் புள்ள காதுல உழுந்துது அது."

வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். "நான் கோர்ட்டை விட்ட காரணத்தைப் பத்திப் பேசக் கூடாது. என் வீட்ல அதனால ரொம்பக் கஷ்டம்."

"என் விலக்கு ஒண்ணு இருக்கு" என்றேன். "அந்த ஜாதி, அந்தக் கூட்டம்னு யாரும் பேசக் கூடாது. அஞ்சலைன்னு பேர் சொல்லித்தான் பேசணும்."

இருவரும் தலையை ஆட்டினார்கள். வக்கீல் சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பிரிவு, உட்பிரிவு என்று அடுக்கினார். சாயபு கொட்டாவி விட்டார். "இதெல்லாம் எனக்கு ஞாபகம் நிக்காது வக்கீல். அங்க வெள்ளைக்காரன் எழுந்து எதிர்க் கேள்வி போட்டா நான் இன்னா சொல்றது?"

அப்போது எனக்கு மின்னல் மாதிரி வந்தது. "வக்கீலய்யா, நீங்க வெள்ளைக்காரன் வேஷம் கட்டுங்க" என்றேன்.

"நானா?" என்றார். கதரைப் பார்த்துக்கொண்டார்.

"நீங்கதான். அவன் இன்னா பேசுவான்னு உங்களவிட யாருக்குத் தெரியும்? சாயபு அஞ்சலைக்காகப் பேசட்டும். நீங்க சர்க்காரா நின்னு அடிங்க."

எங்கள் வேஷப் பெட்டியில் இருந்த பழைய துரைத் தொப்பி ஒன்றை எடுத்து அவர் தலையில் வைத்தேன். அடடா, அவருக்குள் அவ்வளவு பெரிய நடிகன் இருந்தான் என்று யாருக்குத் தெரியும்? முதுகு நிமிர்ந்தது, குரல் மூக்குக்குப் போனது. "கனம் அங்கத்தினர் இரக்கம் காட்டுகிறார். நல்லது. ஆனால் புருஷன் திருடினால் பொருளை மடியில் கட்டிக்கொண்டு போவது யார்? இந்த அஞ்சலைதானே?" என்று ஆரம்பித்து, சாயபு சொன்ன ஒவ்வொன்றையும் பொடிப்பொடி ஆக்கினார். சர்க்காரை எதிர்த்தே பேசிப் பழகாத சாயபு இங்கே சர்க்காரைத் திட்டித் தீர்க்கிறார். சர்க்காரைத் திட்டாமல் தூங்காத வக்கீல் அதைத் தாங்கிப் பேசுகிறார். கீற்று இடுக்கில் தோல் கிடங்கு ஆட்கள் கண்ணை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். இவ்வளவு நல்ல தர்க்கத்தை நான் சம்பளம் வாங்கி ஆடிய மேடையில் கூடப் பார்த்ததில்லை.

ஆனால் வக்கீல் வேஷத்தில் ருசி கண்டுவிட்டார். "கனம் அங்கத்தினர் தமது சொந்தச் சாவியை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டுத் தூங்குவாரா?" என்று கேட்டார். கீற்றுக்குப் பின்னால் சிரிப்பு. சாயபுவின் முகம் கறுத்தது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். சாயபு தொப்பியைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"தொழுதுட்டு அப்படியே டேசனுக்குப் போறேன்மா. எனக்கு பேஜாரா இருக்கு. இதுக்கு வேற ஆளப் பாருங்க."

வாலாஜாபேட்டையில் கிரீடத்தைக் கழற்றி வைத்தவரின் முகம் இப்போது சாயபுவுக்கு இருந்தது. தொழுகைக்குப் போகிறவரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அவர் படி இறங்குவதற்குள் நான் ஏதாவது சொல்ல வேண்டும். கெஞ்சினால் போய்விடுவார். ஆறுதல் சொன்னால் இன்னும் வேகமாகப் போய்விடுவார். அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி வேண்டும்.

"சாயபு, உங்க கெடங்குல ஆட்டுத் தோல்ல மயிர் எடுக்கறவங்க யாரு? அஞ்சலையோட அக்கா தங்கச்சிங்கதானே? சர்க்காருக்கு உங்க கெடங்கு தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா? தொழுதுட்டு வந்து அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

வக்கீல் தொப்பியைக் கழற்றப் போனார். "தப்புப் பண்ணிட்டேன்மா. வரமாட்டார். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்."

"தொப்பியத் தொடாதீங்க" என்றேன். "நீங்க மன்னிப்புக் கேட்டா அவரு தோத்துட்டார்னு ஆயிடும். தோத்தவரு மேடைக்கு வரமாட்டாரு. நீங்க சர்க்காராவே நில்லுங்க. அவரு வந்தா உங்களத்தான் தேடுவாரு."

"வரலைன்னா?"

"வரலைன்னா உங்கள மாதிரி நானும் ஊர் ஊரா நின்னு பேசறேன். இப்ப நில்லுங்க."

நின்றார். ஊரறிந்த கதர் வக்கீல் வெள்ளைக்காரன் தொப்பியோடு ஆடாமல் அசையாமல் நிற்கிறார், நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கிறேன். உள்ளுக்குள் அஞ்சலையின் பால் கட்டிய மார்புதான் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. வெளியே குதிரை வண்டிச் சத்தம் கேட்டது. ஸ்டேஷனுக்குப் போகிறது என்று வக்கீல் கண்ணாலேயே சொன்னார். வண்டி நின்றது.

சாயபு வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். நேரே தொப்பியைப் பார்த்து, விரலை நீட்டிப் பேசினார்.

"கேளுங்க தொரை. என் கெடங்குல அந்தப் பொம்பளைங்க என் தகப்பனார் காலத்துலேர்ந்து வேலை பண்றாங்க. ராணிப்பேட்டைக்குப் போற தோலு, கப்பல் ஏத்தற தோலு, எல்லாம் அவங்க கை வழியாத்தான் போவுது. ஒரு துண்டு காணாம போனதில்ல. சாவி கேட்டீங்களே, மண்டிச் சாவி அஞ்சலையோட பெரியம்மா இடுப்புலதான் தொங்குது. நான் நிம்மதியாத்தான் தூங்கறேன். எனக்கு நஷ்டம் எப்ப தெரியுமா? வெளக்கு வைக்கற நேரத்துல பாதி வேலைய உட்டுட்டு அவங்க உங்க போலீஸ் டேசனுக்கு ஓடறப்போ. என்கிட்ட திருடறது அவங்க இல்ல. உங்க சட்டம்."

வக்கீல் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"சாயபு, இதைச் சொல்லுங்க. இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அவன்கிட்டயும் இருக்காது" என்றார்.

சாயபு மூச்சு வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். "அந்தப் பிரிவு நம்பர ஒருவாட்டி சொல்லு வக்கீல். வண்டியில வர்றியா, டேசன் வரைக்கும் சொல்லிகினே வா."

கூண்டு வண்டிக்குள் இருவரும் ஏறியதை ஆம்பூரே பார்த்தது.

சாயபு சட்டசபையில் பேசியதை வக்கீல் பேப்பரிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினார். அஞ்சலை என்று பெயர் சொல்லியே பேசியிருந்தார். பொறுப்பான ஒரு பெண்ணிடம் தாம் மண்டிச் சாவியைக் கொடுத்திருப்பதாகச் சொன்ன இடத்தில், எதிர் வரிசையிலிருந்தும் இரண்டு பேர் எழுந்து ஆதரித்தார்களாம். சும்மா நடந்துவிடவில்லை. அதற்குப் பிறகு கலெக்டர் கச்சேரியில் சாயபுவை நிற்க வைத்தே பேசி அனுப்பினார்கள். இந்த ஒரு விஷயத்தில் சாயபு பக்கம் நில்லுங்கள் என்று பாலாற்றங்கரை ஊர்களில் வக்கீல் பேசியதற்கு, அவருடைய ஆட்களே சாயபு வீட்டு வக்கீல் என்று கூவினார்கள். இருவரும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் எங்கள் பக்கத்து ஸ்டேஷன்களில் பெண்கள் தலையைக் காட்ட வர வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அஞ்சலையை விட்டார்கள். ஆண்களுக்கு அந்தத் தளை அப்புறமும் கிடந்தது. வாங்கினது பாதி என்பதை மறைக்கமாட்டேன்.

இருவரும் தோஸ்த் ஆகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அடுத்த மாசமே வக்கீல் கூட்டத்துக்குச் சாயபு மைதானம் கொடுக்கவில்லை. வக்கீல் சாயபு வீட்டுத் தெருமுனையிலேயே பெட்டிமேல் ஏறி நின்று பேசினார். ஆனால் சங்கிலிப் பேச்சு வரவில்லை, கேஸ் இல்லாத வக்கீல் என்ற பேச்சும் வரவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன், கடைசி வரைக்கும் வரவில்லை.

உத்தரவு வந்த வாரம் வியாழக்கிழமை சலங்கை கட்டினேன். கொட்டகைக்குள் ஈ நுழைய இடம் இல்லை. அஞ்சலை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எனக்குத் தலை பின்னினாள். பின்னல் பாதி இறங்கியிருக்கும், வெளியே கடைகளில் விளக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். அவள் கை நின்றது. சடாரென்று குழந்தையை அள்ளிக்கொண்டு எழுந்து வாசல்வரைக்கும் போய்விட்டாள்.

"எங்கடி போற?" என்றேன்.

அவள் தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எங்கயும் இல்லக்கா" என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்து பின்னலை மறுபடியும் கையில் எடுத்தாள். போட்டது சரியாக வரவில்லை என்று அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மணி அடித்துவிட்டார்கள். ஜனம் காலால் தரையைத் தட்டுகிறது. கான்ட்ராக்டர் திரை இடுக்கில் தலையை நீட்டி, "அம்மா, ஆர்மோனியம் ரெண்டு பாட்டு முடிச்சிட்டாரும்மா" என்கிறார். என் தொழிலில் மணி அடித்த பிறகு நான் ஜனத்தைக் காக்க வைத்தது அந்த ஒரு நாள்தான்.

"மூணாவது பாட்டு வாசிக்கச் சொல்லு" என்றேன். "அவ நிதானமா பின்னட்டும்."